சாமி சேவலின் கழுத்து இறகு

பேரையூர்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய முத்திருளன் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி மகள் பாண்டிமீனா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது. சேவல் மட்டும் நல்லபடியாக இல்லை. அங்கே திருப்பூரில் நீங்களும் அத்தையும் நல்லபடியாக இருக்க நம் கருப்பசாமியை வேண்டிக்கொள்கிறேன். அவரிடம் இன்னொன்றும் வேண்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் சாமியாடியாக அவரைச் சுமக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். போன் போட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் போனைக் கட்டிங் மேசையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத் துணி வெட்டிக்கொண்டே பேசுவீர்கள். போன தடவை எனக்குச் சளி என்று சொன்னதற்கு உங்கள் பனியன் கம்பெனியில் யாரோ ஒருவர் கஷாயம் சொன்னார். இது கஷாயத்துக்கு அடங்குகிற விஷயம் இல்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா டீக்கடையில் சொல்லி வைத்திருப்பது, "எம்பிள்ள அமெரிக்காவுல மீனுக்கு என்ன திங்கக் குடுக்கணும்னு சொல்லுற வேலை பாக்குது" என்பது. அது முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவில் ஒரு மலையூரில் தூண்டில் சாமான் விற்கிற கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரர் தன் பக்கத்து ஆறுகளும் ஏரிகளும் இந்த வாரம் எப்படி இருக்கின்றன, எந்தத் தூண்டிலுக்கு மீன் வரும் என்று வாராவாரம் நிலவரம் வெளியிடுவார். அதை எழுதுவது மதுரையில் எங்கள் ஆபீஸில், அதிலும் நான். வைகை அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று பேப்பரில் போடுவார்களே, அதே கன அடிக் கணக்கு அங்கேயும் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் பார்ப்பேன். அங்கே இருக்கிற வழிகாட்டிகள் நாலு வரி அனுப்புவார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுவேன். பனி உருகி ஆறு கலங்கலாக வந்தால், மீனுக்குக் கண் தெரியாது, பெரிதாகவும் கறுப்பாகவும் ஒரு ஈ போடுங்கள். தண்ணீர் குறைந்து தெளிந்துவிட்டால், மீன் உங்களையே பார்க்கும், ஈயும் சிறிதாக இருக்கட்டும், தூண்டில் நரம்பும் மெலிதாக இருக்கட்டும். கோடையில் கரைப்புல் காய்ந்திருந்தால் வெட்டுக்கிளி. ஏரியில் காற்று அடங்கிய சாயங்காலம் ஊசித்தும்பி. இப்போது அங்கே பனிக்காலம், ஏரியெல்லாம் கட்டியாகிக் கிடக்கிறது, அணைக்குக் கீழே மட்டும் தண்ணீர் உறையாமல் ஓடும், அங்கே கேப்பை அளவுக்கு ஒரு கொசு. இந்த ஈ, கொசு, வெட்டுக்கிளி எதுவும் நிஜம் இல்லை மாமா. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்வது. எதைச் செய்தாலும் அதற்கு ஈ என்றுதான் பெயர். மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பினால் கோழியெல்லாம் எப்படி வேறெதையும் தொடாதோ, அப்படித்தான் மீனும். அன்றைக்கு எது கிளம்பியிருக்கிறதோ அது மாதிரியே ஈயைக் கட்டிப் போட வேண்டும். வேறு போட்டால் திரும்பியும் பார்க்காது.

இதையெல்லாம் எழுதுகிற நான் ஒரு மலையாற்றையும் பார்த்ததில்லை. நான் பார்த்த பெரிய தண்ணீர், அழகர் இறங்குவதற்காக வைகையில் திறந்துவிட்ட தண்ணீர். அதுவும் கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கு இந்த வேலையில் ஒரே ஒரு சந்தேகம்தான். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"அம்புட்டுப் பாடுபட்டுப் பிடிச்சு, கொழம்பு வப்பாய்ங்களா, வறுப்பாய்ங்களா?"

"முள்ளக் கழட்டிட்டுத் திரும்ப ஆத்துலயே விட்ருவாங்கப்பா."

"சின்ன மீனா இருந்தாவா?"

"பெருசையுந்தான்."

"அப்ப எதுக்குப் பிடிக்கிறாய்ங்க?"

"பிடிக்கிறதுக்குத்தான்."

அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம், "ஏ செல்லத்தா, இந்தக் கம்பெனி நெசமாவே இருக்கான்னு ஒருநா போய்ப் பாத்துட்டு வருவமா?" என்றார்.

கம்பெனி இருக்கிறது. அங்கே எனக்கு எடிட்டராக இருப்பவர் சாருலதா மேடம். போன ஐப்பசியில் அவர் என்னைக் கூப்பிட்டு அமெரிக்கக் கடைக்காரர் அனுப்பிய மெயிலைக் காட்டினார். "உங்கள் பெண் நன்றாக எழுதுகிறாள். ஆனால் ஒரு ஈயைக் கையில் எடுத்துப் பார்த்தவள் மாதிரித் தெரியவில்லை" என்று இருந்தது. அவர் சொன்னது சரி. எனக்கு அழுகை வந்தது. வந்ததை மேடம் பார்க்கவில்லை. "ஊருக்குப் போய் ரெண்டு கட்டிப் பாரு மீனா, யாரும் உன்னை மார்க் போடப் போறதில்ல" என்றார். முள் மதுரையில் ஒரு வலைக்கடையில் கிடைத்தது. நூல் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்தது. இறகுதான் இல்லை. பெட்டைக்கோழி இறகு ஆகாது, அது தண்ணீரை உறிஞ்சி முழுகிவிடும். சேவலின் கழுத்து இறகுதான் விறைப்பாக நின்று ஈயை மிதக்க வைக்கும். வீட்டிலிருந்த சேவல்கள் தீபாவளிக்குக் குழம்பாகிவிட்டன. மீதி இருந்தது ஒன்று. அது எது என்று உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைக்கு நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தால் வருகிற மாசிப் பச்சைத் திருவிழாவுக்குச் செவலைச் சேவல் ஒன்று தருகிறேன் என்று அம்மா கருப்புக்கு நேர்ந்துவிட்ட சேவல். அதை யாரும் அதட்டக் கூடாது என்பதால் அது அதிகாரி மாதிரித்தான் நடமாடும். அடுத்த வீட்டு முற்றத்தில் காய்கிற வத்தல் மேல் ஏறி நிற்கும். அந்த வீட்டுக்காரர்கள் கும்பிட்டுவிட்டு நகர்த்துவார்கள். நான் அதன் பக்கமே போகவில்லை மாமா. உதிர்ந்த இறகு ஏதாவது கிடக்குமா என்று குப்பைமேட்டில் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாதான் பார்த்துவிட்டு, "என்னத்தப் புள்ள பொறுக்குற?" என்றாள். சொன்னேன். "சாமிக்கு ரத்தந்தான் கணக்கு, எறகு கணக்கில்ல. வேலைக்காக நேந்தது, வேலைக்குத்தான் ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே சேவலைப் பிடித்து இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்து, கழுத்தில் கையை வைத்துவிட்டாள். சேவலுக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்ப்பே இல்லை. அதை அதட்டியவர்களே கிடையாது அல்லவா.

முதலில் கட்டிய ஈ, தலை வாரியதும் சீப்பில் சுருட்டி எடுப்போமே, அது மாதிரி வந்தது. இரண்டாவதில் முள்ளே தெரியவில்லை. மூன்றாவதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன், தலைகீழாக மிதந்தது. ஒவ்வொன்றுக்கும் இறகு போய்க்கொண்டே இருந்தது. நான் சனிக்கிழமை மதுரையிலிருந்து வந்து இறங்கும்போது அம்மா இறகோடு காத்திருப்பாள். பிறகு அவளும் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தாள். பூச்சி எங்கேயாவது இப்படிச் செத்த கலரில் இருக்குமா என்று கேட்டு, தன் கல்யாணப் பட்டில் இற்றுப்போன இடத்திலிருந்து ஜரிகை ஒரு இழை உருவி ஈயின் வயிற்றில் சுற்றினாள். நான் வேண்டாம் என்றேன். அங்கே இருக்கிற பூச்சிகள் ஜரிகை கட்டுவதில்லை என்றேன். கேட்கவில்லை. திங்கட்கிழமை மேடம் எல்லா ஈயையும் போட்டோ எடுத்து அனுப்பினார். கடைக்காரர் அந்த ஜரிகை ஈயை மட்டும் கேட்டார். தபாலில் போனது. மேகம் மூடிய ஒரு மதியம் அணைக்குக் கீழே அதற்கு நல்ல மீனாக வந்ததாம். இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதினார். எல்லா ஈக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. செல்லத்தாய் என்று எழுதிவிட்டேன். அதிலிருந்து நிலவரத்தில், "வெயில் மங்கிய மதியங்களில் சின்னச் செல்லத்தாய் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்" என்று ஒரு வரி வருகிறது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப மீனு என்னையக் கடிக்குதாக்கும்" என்றாள். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனிமேல்தான் மாமா நான் கேட்க வந்த விஷயம். கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலையில் ஒரு விடுதி இருக்கிறது. அவர்கள் இடத்தில் ஒரு ஓடையும் சின்ன ஏரியும் உண்டு. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட் என்கிற மீன் அதில் இன்னும் இருக்கிறதாம். நம் அமெரிக்க நிலவரத்தைப் படித்துவிட்டு, எங்கள் ஓடைக்கும் இப்படி எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே கன அடி அளக்கிற கருவியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. ஒருவர் போய்த் தங்கி, தண்ணீரைப் பார்த்து, கல்லைப் புரட்டி அடியில் என்ன பூச்சி ஒட்டியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மேடம் என் பெயரைத்தான் சொன்னார். அவரும் கூட வருகிறார். அடுத்த திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். நான் போகாவிட்டால் விக்ரம் என்று ஒருவர் போவார். அவர் ஏற்கெனவே ரப்பர் பூட்ஸ் வாங்கிவிட்டார்.

நான் அதைக் கேட்டதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் கல் மேல் தண்ணீர் போகிற சத்தம். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தண்ணீர் லாரியில் குழாயைத் திறந்தால் வருகிற சத்தம்தான் வருகிறது. வீட்டில் சொன்னேன். மறுநாள்தான் அப்பா சேவலின் கழுத்தைப் பார்த்தார்.

பார்த்தவர் என்ன செய்தார் தெரியுமா. சீக்கா என்று மருத்துவரிடம் காட்டவில்லை. சேவலை ஒரு உரச்சாக்கில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, அம்மாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு குறி சொல்கிற காளைக் கோடாங்கியிடம் போய்விட்டார். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து சேவலை மடியில் வைத்துக்கொண்டு, தான் பிடுங்கிய கழுத்தைத் தானே தடவிக்கொடுத்துக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை அவள் வந்து சொன்னாள். கோடாங்கி உடுக்கை அடித்துவிட்டு, "வடக்க ஒரு மலை தெரியுது. மலையில தண்ணி தெரியுது. வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்கு அந்தத் தண்ணி ஆகல. அதான் சாமி சேவக் கழுத்துல அடையாளங் காட்டிருக்கு" என்றாராம்.

"நீ அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா, நான்தான் பிடுங்கினேன்னு" என்றேன்.

"சாமி வாக்குச் சொல்லிக்கிட்டு இருக்கைல குறுக்க பேசுவாகளா?"

"அது சாமி காட்டின அடையாளம் இல்லம்மா. நீ காட்டினது."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "எங் கையில புகுந்து புடுங்குனது யாருன்னு கண்டோம்?" என்றாள். கோடாங்கி சொன்னதை ஒரு வாரமாக அவளும் நம்புகிறாள். கிளம்பட்டுமா என்று அப்பா முகத்தைப் பார்த்தால், "அதான் சாமி சொல்லிருச்சுல்ல தாயி" என்கிறார். என்னைப் பார்த்துச் சொல்வதில்லை, வாசலைப் பார்த்துச் சொல்கிறார். உள்ளதைச் சொன்னால் நேர்த்திக்கடன் சேவலைக் கெடுத்ததாக அம்மாவுக்கு ஏச்சு விழும். சொல்லாவிட்டால் மலைக்கு விக்ரம் போவார். நான் ஆயுள் முழுக்கப் பார்க்காத தண்ணீரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை நீங்கள் ஊருக்கு வர வேண்டும். மாசிப் பச்சைக்குச் சாமிப் பெட்டி தூக்குகிறவர் நீங்கள். கருப்பு இறங்குவது உங்கள் மேல்தான். கோடாங்கி வாக்கு பெரிதா, சாமியே நேரில் வந்து சொல்வது பெரிதா என்றால் அப்பா என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். பொய் சொல்லச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. திருவிழா இல்லாத நாளில், கோயிலுக்கு வெளியே, எங்கள் வீட்டு முற்றத்தில் அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. வந்தால் கேட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். வராவிட்டால் காப்பி குடித்துவிட்டுப் போகலாம். சாமிக்கு நான் வார்த்தை எழுதிக் கொடுக்கக் கூடாது. ஆனாலும் நிலவரம் எழுதிப் பழகிய கை என்பதால் ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். "மேல்மலையில் இந்த வாரம் காற்று சாந்தமாக இருக்கும். விடியற்காலையில் புல் மேல் உறைபனி. ஓடை தெளிந்திருக்கிறது. பிள்ளை கம்பளிச் சட்டையோடு போனால் தோஷமில்லை. சேவல் விஷயத்தில் எனக்கு வருத்தமில்லை." கருப்பு இப்படிப் பேச மாட்டார், தெரியும். அப்பாவைப் பார்த்து "டேய் மொக்கையா" என்றுதான் ஆரம்பிப்பார். மற்ற நாளில் மச்சான் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற நீங்கள் சாமி வந்தால்தான் அப்படிக் கூப்பிட முடியும். அதை நீங்களும் அவரும் பார்த்துக்கொள்ளுங்கள். சேவலைக் கொண்டுவரச் சொல்லி மட்டும் கேட்க வேண்டாம். நம் வீட்டு ஆட்களைப் பார்த்தாலே அது இப்போது கூரை ஏறிவிடுகிறது.

அத்தைக்கு என் வணக்கம். அவருடைய மூட்டுவலிக்கு அம்மா நொச்சி இலை பறித்து வைத்திருக்கிறாள், வரும்போது வாங்கிக்கொள்ளலாம். உங்கள் கையால் எனக்குத் திருநீறு பூசி ரொம்ப நாளாகிறது. வந்து பூசிவிடுங்கள். எங்கே இருந்தாலும் நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் அன்பு மருமகள்,
மொ. பாண்டிமீனா.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே எழுதியிருப்பது உங்கள் பெயர் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. "மச்சானுக்கா? சாமியக் கூப்புடுறியா?" என்றார். நான் பசையைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். "கூப்புடு. நான் கோடாங்கியக் கூப்பிட்டேன், நீ சாமியவே கூப்புடுற" என்றார். பிறகுதான் சொன்னார். பிடுங்கின கழுத்துக்கும் உதிர்ந்த கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா அவர் இத்தனை வருஷம் சேவல் வளர்க்கிறார். அம்மா பிடுங்குவதை அவர் முதல் வாரமே பார்த்துவிட்டாராம். மலையைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கோடாங்கியிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னவரும் அவரேதான்.

"ஒங்கிட்ட நேரா வேண்டாம்னு சொல்ல நாக்கு எழல தாயி. நீ படிச்ச பிள்ள, ஏன்னு கேப்ப. ஏன்னு எனக்கே தெரியல. தொலவா இருக்கு, அம்புட்டுத்தான்."

மாமா, நான் யாரிடமும் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை, உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி. ஆனால் அவர் அப்படிச் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "போகட்டுமாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கவரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அந்த ஓடையில எம்புட்டுத் தண்ணி வருதாம்?" என்றார்.

"தெரியாதுப்பா. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப அமெரிக்கா ஆறு? அதயும் பாக்காமலா இம்புட்டு நாளா எழுதுன?"

"ஆமாப்பா."

டீக்கடையில் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்று யோசித்திருப்பார் போல. கடைசியில் எழுந்து, "மொதல்ல போய் ஒண்ணையாவது பாத்துட்டு வந்து எழுது" என்றார்.

அதனால் மேலே நான் கேட்டது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். ஆனாலும் சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும். திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிடும்போது தனக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று அப்பா சொல்கிறார். நீங்கள் மட்டும் வந்தால் போதும் மாமா. சாமியை மாசிக்குக் கூட்டி வாருங்கள். அதற்குள் சேவலுக்கு முளைத்துவிடும் என்கிறாள் அம்மா.